நலமான உடலை ஓயாமல் அளப்பது நோய்த்தடுப்பு ஆகுமா?

நோய் வந்த பிறகு மருத்துவரிடம் ஓடும் காலம் முடிந்துவிட்டது என்றும், இனி மணிக்கட்டில் கட்டிய பட்டையும் தோலில் ஒட்டிய வில்லையும் குருதியில் மிதக்கும் நுண்துகளும் உடலை இரவுபகலாகக் கண்காணித்து, நோய் தலைகாட்டும் முன்பே அதை அறிவித்துவிடும் என்றும் உலகெங்கும் சொல்லப்பட்டு வருகிறது. கருவி விற்கும் நிறுவனங்கள் மட்டும் இப்படிச் சொன்னால் விளம்பரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆராய்ச்சி நிதி கேட்கும் விண்ணப்பங்களும் சுகாதாரத் துறைகளின் தொலைநோக்கு அறிக்கைகளும்கூட இக்கருத்தைக் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. இதன் வேர் பழையது. 1959 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஆற்றிய உரையில், நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸின் யோசனை என்று சொல்லி, நோயாளி விழுங்கக்கூடிய அளவுக்குச் சிறிய அறுவை இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். பின்னாளில் அமெரிக்க உயிரியலாளர் லெராய் ஹூட், முன்கணித்தல், தடுத்தல், தனிநபருக்கேற்ப அமைத்தல், மக்களின் பங்கேற்பு என்னும் நான்கையும் அடிப்படையாகக் கொண்ட மருத்துவத்தை முன்மொழிந்தபோது, அந்தக் கற்பனைக்கு ஒரு மருத்துவக் கொள்கையின் உருவம் கிடைத்தது.

இக்கருத்தின் தொழில்நுட்பப் பகுதியைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இடமில்லை. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு நானோமீட்டர். ஏறத்தாழ ஒன்று முதல் நூறு நானோமீட்டர் அளவுக்குள் வரும் துகள்களில் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு மிக அதிகமாக இருப்பதாலும், அவற்றின் மின்பண்பும் ஒளிப்பண்பும் பெரிய பொருள்களினின்று வேறுபடுவதாலும், அவற்றின்மீது ஒட்டும் சில மூலக்கூறுகளைக்கூடக் கண்டுகொள்ள முடிகிறது. கார்பன் குழல்கள், கிராஃபீன் தாள்கள், சிலிக்கான் கம்பிகள், தங்கத் துகள்கள் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வகங்கள் செய்துகாட்டியிருப்பவை உண்மையான சாதனைகள். மறுக்க வேண்டியது அச்சாதனைகளிலிருந்து வருவிக்கப்படும் மருத்துவ முடிவையே. நலமாக இருப்பவரின் உடலை மேலும் நுண்மையாகவும் மேலும் அடிக்கடியும் அளந்தால் நோய் முன்கூட்டியே தெரியும், முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கலாம், தடுத்தால் ஆயுள் நீளும் என்ற தொடரில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது. முதல் கண்ணியை நிறுவிவிட்டு மற்றவற்றை நிறுவியதாக எண்ணிக்கொள்வதே இக்கருத்தின் அடிப்படைப் பிழை.

முதல் கண்ணியே சொல்லப்படும் அளவுக்கு உறுதியானதன்று. 2014 ஜனவரியில் கூகுள் நிறுவனம், கண்ணீரில் உள்ள சர்க்கரையை அளக்கும் கண்வில்லை ஒன்றை உருவாக்கி வருவதாக அறிவித்தது. தலைமயிரினும் மெல்லிய மின்சுற்றும் உணரியும் பதித்த அந்த வில்லை, நீரிழிவு நோயாளிகளை ஊசிக்குத்திலிருந்து விடுவிக்கும் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் அதே ஆண்டு அதில் கைகோத்தது. 2018 நவம்பரில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. கண்ணீரின் சர்க்கரை அளவுக்கும் குருதியின் சர்க்கரை அளவுக்கும் இடையே நம்பத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. கண்ணீர் குருதியின் நகலன்று. காற்று, உறுத்தல், கண்சிமிட்டும் வேகம் என எத்தனையோ காரணங்களால் அதன் அடர்த்தி மாறுகிறது. வியர்வையின் நிலையும் இதுவே. வியர்வை எவ்வளவு வேகமாகச் சுரக்கிறதோ அதற்கேற்ப அதில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு மாறிவிடுவதால், வியர்வையில் ஒரு பொருள் கூடியிருந்தால் அது உடலுக்குள் கூடியிருக்கிறதா, வியர்ப்பது குறைந்திருக்கிறதா என்பதைத் தனியே ஆராய வேண்டியிருக்கிறது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய கருவி எதற்கும் அதுவரை அது ஒப்புதல் வழங்கியிருக்கவில்லை.

சரி, குருதிக்குள்ளேயே உணரியை வைத்துவிட்டால்? ஆய்வகக் குடுவைக்கும் உயிருள்ள உடலுக்கும் உள்ள தூரம் அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. மெல்லிய சிலிக்கான் கம்பியின்மேல் எதிர்ப்புரத மூலக்கூறுகளை நட்டு, தேடப்படும் புரதம் வந்து அவற்றில் ஒட்டும்போது அதன் மின்னேற்றத்தால் கம்பியின் மின்கடத்தல் மாறுவதை அளப்பது இத்துறையின் மிகப் புகழ்பெற்ற உத்திகளில் ஒன்று. ஆனால் உப்பு கலந்த நீரில் மின்னேற்றமுள்ள எந்த மூலக்கூறையும் எதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகள் உடனே சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. குருதியில் உள்ள உப்பின் செறிவில் இந்த மறைப்பு ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த தொலைவுக்குள் பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. எதிர்ப்புரத மூலக்கூறோ ஏறத்தாழப் பத்து நானோமீட்டர் நீளமுள்ளது. ஆகவே அதன் நுனியில் வந்து ஒட்டும் புரதம் கம்பியின் கைக்கெட்டாத உயரத்தில் நிற்கிறது. உப்பை நீக்கிய, நீர்த்த கரைசலில் அழகாக வேலை செய்யும் உணரி குருதியில் திணறுவது இதனால்தான். இதைக் கடக்க மாற்று வழிகள் தேடப்பட்டு வருகின்றன, சிலவற்றில் முன்னேற்றமும் உண்டு. இத்துடன், உடலுக்குள் வைக்கப்படும் எப்பொருளின் மேலும் சில நிமிடங்களிலேயே குருதிப் புரதங்கள் படியத் தொடங்கிவிடுகின்றன. நாள் செல்லச் செல்லத் திசு அதைச் சுற்றி வேலி கட்டுகிறது. தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செருகித் திசுக்களுக்கிடையே உள்ள நீரில் சர்க்கரையை அளக்கும் இன்றைய சிறந்த வில்லைகளை இரண்டு வாரம் போல ஆனதும் கழற்றி எறிய வேண்டியிருப்பதற்கு இந்தப் படிவும் ஒரு காரணம்.

இவை பொறியியல் தடைகள், என்றாவது தீரும் என்று வாதிடலாம். தீரும் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் மருத்துவச் சிக்கல் அப்படியே இருக்கும் என்பதற்குப் புராஸ்டேட் சுரப்பியின் புரதமே போதிய சான்று. பி.எஸ்.ஏ. எனப்படும் இப்புரதத்தைக் குருதியில் அளப்பதில் கடினம் ஏதுமில்லை. பல்லாண்டுகளாகச் சாதாரண ஆய்வகங்களே அதைத் துல்லியமாக அளக்கின்றன. நானோ உணரிகளை விளக்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் எடுத்துக்காட்டாக வருவதும் இப்புரதமே. ஆனால் இது கூடியிருந்தால் புற்றுநோய் இருக்கலாம், சுரப்பி வெறுமனே வீங்கியிருக்கலாம், அழற்சி இருக்கலாம். புற்றுநோயே இருந்தாலும் அது அந்த மனிதரின் வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தராத வகையாக இருக்கலாம். தேவையற்ற அறுவையாலும் கதிர்வீச்சாலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் இழந்தவர்களின் எண்ணிக்கையை எடைபோட்ட பிறகு, அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012இல் இப்பரிசோதனையை நலமான ஆண்களுக்குச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. 2018இல் 55 முதல் 69 வயது வரையுள்ளோர் மருத்துவருடன் கலந்து பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்று தளர்த்தியது. இந்த நீண்ட வழக்கில் உணரியின் நுண்மை ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஆயிரம் மடங்கு நுண்மையான கருவி வந்தாலும் இப்புரதத்துக்குக் கூடுதலாக ஒரு பொருளும் கிடைத்துவிடாது.

அடுத்தது எண்கணிதம். ஆய்வகத் தாளில் அச்சாகும் இயல்பு வரம்பு என்பது பொதுவாக, நலமான பலரின் அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள 95 விழுக்காட்டினரை வைத்துக்கொண்டு இருமுனைகளிலும் உள்ளவர்களை வெட்டிவிடுவதால் கிடைப்பது. அதாவது நலமானவர்களில் இருபதில் ஒருவர் எப்போதும் அந்த வரம்புக்கு வெளியே இருப்பார்; வரம்பை வகுத்த முறையே அப்படி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பொருள்களை ஒரே நேரத்தில் அளக்கும் வில்லையை எந்த நோயும் இல்லாத ஒருவர் ஒட்டிக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது வரம்புக்கு வெளியே காட்டும் வாய்ப்பு 64 விழுக்காடு. நாள்தோறும் ஒருமுறை அளந்து, ஆயிரத்தில் ஒருமுறை மட்டுமே தவறாக எச்சரிக்கும் கருவி கையில் இருப்பதாகக் கொண்டாலும், அந்தத் தவறுகள் ஒன்றையொன்று சாராதவையாயின், ஆண்டு முடிவதற்குள் அதை அணிந்த நலமானவர்களில் பத்தில் மூவர் குறைந்தது ஒரு பொய்யான எச்சரிக்கையைப் பெற்றிருப்பார்கள். ஓயாத கண்காணிப்பு என்று எதைச் சிறப்பாகச் சொல்கிறார்களோ அதுவே பிழையைப் பெருக்கும் இயந்திரமாகிறது.

நோயின் அருமை இதை மேலும் மோசமாக்குகிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோயை, நோயாளியை 99 விழுக்காடு சரியாகக் கண்டு, நலமானவரை 99 விழுக்காடு சரியாக விட்டுவிடும் கருவியைக் கொண்டு ஒரு லட்சம் பேரிடம் தேடினால், நோயுள்ள 100 பேரில் 99 பேர் அகப்படுவார்கள். நோயில்லாத 99,900 பேரில் 999 பேரும் சேர்ந்து அகப்படுவார்கள். எச்சரிக்கை பெற்ற பதினொரு பேரில் ஒருவருக்கே நோய் உண்மையில் இருக்கும். மற்ற பத்துப் பேரும் ஸ்கேனுக்கும் திசு ஆய்வுக்கும் தூக்கமற்ற இரவுகளுக்கும் அனுப்பப்படுவார்கள். மருத்துவமனையில் நோயாளிகளிடம் சோதித்து வெற்றி கண்ட உணரி, வீதியில் நலமானவர்களிடம் போகும்போது பயன் இழப்பதற்குக் காரணம் உணரி மாறியதன்று, அதை அணிபவர்கள் மாறியதே.

இந்த வாதத்துக்கு எதிராக அடிக்கடி முன்வைக்கப்படுவது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆப்பிள் இதய ஆய்வு. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாக அதிரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாறு பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. மணிக்கட்டில் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டு இக்கோளாறை அறிய முடியுமா என்று அந்த ஆய்வு பார்த்தது. 4,19,297 பேர் பங்கேற்றார்கள். எச்சரிக்கை பெற்றோர் 2,161 பேர். அவர்களில் இதயத்துடிப்பைப் பதியும் வில்லையை ஒட்டி, ஆய்வுக்குத் தகுந்த பதிவுடன் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர். அவர்களுள் கோளாறு உறுதியானவர்கள் 34 விழுக்காட்டினர். இக்கோளாறு வந்து வந்து மறையும் இயல்புடையதால் எஞ்சியோர் அனைவரையும் பொய் எச்சரிக்கை பெற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது; கடிகாரத்தின் கணிப்பு ஓரளவு நல்ல கணிப்பே. ஆனால் 65 வயதைக் கடந்தோரில் எச்சரிக்கை பெற்றவர்கள் 3.1 விழுக்காடு, 40 வயதுக்குட்பட்டோரில் 0.16 விழுக்காடு என்பதைப் பார்த்தால், கடிகாரத்தை விரும்பி வாங்கும் வயதினரிடம் தேடுவதற்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்பது விளங்கும். அதைவிட முக்கியம், அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. பக்கவாதம் குறைந்ததா என்ற கேள்வியை அது தன் நோக்கமாகக் கொள்ளவே இல்லை.

அக்கேள்வியைக் கேட்ட ஆய்வு டென்மார்க்கில் நடந்தது. லூப் என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வைத் தடுப்புக் கண்காணிப்பை ஆதரிக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். 70 முதல் 90 வயது வரையுள்ள, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ அதுபோன்ற வேறு ஆபத்துக் காரணமோ உடைய 6,004 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, நால்வரில் ஒருவருக்கு மார்புத் தோலுக்கடியில் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். மறந்துபோய்க் கழற்றி வைக்க முடியாத, மின்னேற்ற வேண்டாத, மணிக்கட்டுக் கடிகாரத்தைவிடப் பன்மடங்கு நம்பகமான கருவி அது. நோயும் தெரிந்த நோய், அதற்கு நிறுவப்பட்ட மருந்தும் உண்டு. இதைவிட வாய்ப்பான களம் ஓயாத கண்காணிப்புக்குக் கிடைப்பது அரிது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இது: கருவி பொருத்தியவர்களில் 31.8 விழுக்காட்டினரிடம் கோளாறு கண்டறியப்பட்டது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 விழுக்காட்டினரிடமே கண்டறியப்பட்டது. குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரை தொடங்கியவர்களும் அதற்கேற்ப இருமடங்குக்கு மேல் ஆனார்கள். பக்கவாதமோ உறைகட்டி வேறு உறுப்பை அடைப்பதோ நேர்ந்தவர்கள் முதல் குழுவில் 4.5 விழுக்காடு, இரண்டாவதில் 5.6 விழுக்காடு, இவ்வேறுபாடு தற்செயலாகவே நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தைக் கடக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. கண்டுபிடிப்பு ஏறத்தாழ மும்மடங்கானபோதும் தடுப்பு உறுதிப்படவில்லை. அவ்வப்போது சில நிமிடங்கள் வந்துபோகும் துடிப்புக் கோளாறும், மருத்துவரிடம் வந்த நோயாளியிடம் அவர் கையால் நாடி பிடித்துக் கண்ட கோளாறும் ஒரே பெயரைத் தாங்கினாலும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். உணரி நுண்மையாக ஆக, அது தேடிக் கொண்டுவரும் நோய் மென்மையாகிக்கொண்டே போகிறது.

மறுபக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் ஸ்ட்ரோக்ஸ்டாப் என்ற ஆய்வு, 75, 76 வயதுள்ள 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இருகூறாக்கி, ஒரு கூறினரை இரண்டு வாரம் மட்டும் நாளுக்கு இருமுறை கட்டைவிரலால் ஒரு கருவியைத் தொட்டு இதயத்துடிப்பைப் பதிய அழைத்தது. இறப்பு, பக்கவாதம், கடும் குருதிக்கசிவு உள்ளிட்ட விளைவுகளின் கூட்டுத்தொகை 33.0 விழுக்காட்டிலிருந்து 31.9 விழுக்காட்டுக்குக் குறைந்தது. சிறிது என்றாலும் அது உண்மையான நன்மை. எல்லா வயதினரையும் எந்நேரமும் அளக்காமல், ஆபத்து உச்சத்தில் இருக்கும் வயதைத் தேர்ந்து, இடைவிட்டு, சில நாள்களோடு நிறுத்திக்கொண்ட தேடலில் அது கிடைத்தது என்பதைக் கவனித்தால், இச்சான்று யாருடைய வாதத்துக்குத் துணை நிற்கிறது என்பது தெளிவாகும்.

நலமானவர்களிடம் நோயைத் தேடினால் நேரக்கூடிய கேடு எத்தகையது என்பதற்குத் தென் கொரியா நாட்டளவிலான சான்று. 1999இல் அந்நாடு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு சேர்த்து, கூடுதலாகச் சிறுதொகை பெற்றுக்கொண்டு கழுத்தில் அல்ட்ராசவுண்ட் பார்க்கும் வழக்கம் பரவியது. 2011இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோரின் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கானது. அந்நோயால் இறப்போரின் விகிதம் அசையவில்லை. கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பி அகற்றப்பட்டது. அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை உண்ண வேண்டியவர்களானார்கள். வாழ்நாளில் ஒருபோதும் வெளிப்பட்டிருக்காத நோயை நோயென்று அறிவிப்பதை மிகைநோயறிதல் என்கிறார்கள். இதற்கு ஆளானவர் தாம் பிழைத்துக்கொண்டதாகவே நம்புவார், பரிசோதனைக்கு நன்றியும் சொல்வார். அதனால்தான் இக்கேடு கண்ணில் படுவதே இல்லை.

பொதுவான வரம்புகளைக் கொண்டு பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம், ஒருவரை அவருடைய சொந்த இயல்பு நிலையோடு ஒப்பிட்டால் பிழை மறையும் என்பது ஆதரவாளர்கள் தரும் மிகச் சிறந்த பதில். இதற்கு அவர்கள் காட்டும் முன்மாதிரி ஸ்டான்ஃபோர்ட் மரபியலாளர் மைக்கேல் ஸ்னைடர். தம் உடலையே பல்லாண்டுகளாக அளந்துவரும் அவர், ஒருமுறை விமானப் பயணத்தில் தம் இதயத்துடிப்பும் குருதியின் ஆக்சிஜன் அளவும் வழக்கத்திலிருந்து விலகியதைக் கருவிகளில் கண்டு, பிறகு அது உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் என்று உறுதிசெய்துகொண்டதை 2017இல் அவருடைய குழு வெளியிட்டது. இந்நிகழ்வைக் கூர்ந்து நோக்கினால் கருவியின் பங்கு எவ்வளவு என்பது தெரியும். கருவி சொன்னது ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டுமே. உண்ணிகள் உள்ள இடத்தில் அண்மையில் இருந்தோம் என்ற நினைவும், எந்தத் தொற்றை ஐயுற வேண்டும் என்ற அறிவும், எந்த மருந்தைக் கேட்க வேண்டும் என்ற தேர்ச்சியும், கேட்டவுடன் கிடைக்கும் மருத்துவரும் ஆய்வகமும் அவரிடம் முன்பே இருந்தன. அவை இல்லாதவருக்கு அதே சமிக்ஞை வெறும் கவலையாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கும். ஒருவரின் அனுபவத்தை மருத்துவம் தொடக்கமாகத்தான் கொள்ளும், சான்றாகக் கொள்வதில்லை. எச்சரிக்கை வந்து ஒன்றும் இல்லாமல் போன நாள்கள் எவருடைய கட்டுரையிலும் இடம்பெறுவதில்லை.

எண்கள் கண்முன் இருந்தால் மக்கள் தாமாகவே நடப்பார்கள், குறைத்து உண்பார்கள் என்ற வாதமும் சோதிக்கப்பட்டுவிட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களை இரு குழுவாக்கி, இரு குழுவினருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தந்து, ஒரு குழுவினருக்கு மட்டும் அசைவை அளக்கும் அணிகருவியையும் தந்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டு முடிவில் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோவும், கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோவும் குறைந்திருந்தார்கள். லெராய் ஹூட் தம் கொள்கையை நடைமுறைப்படுத்த 2015இல் இணைந்து நிறுவிய அரிவேல் என்னும் நிறுவனமும், மரபணு முதல் குடல் நுண்ணுயிர் வரை அளந்து பயிற்சியாளரையும் துணைக்குத் தந்தபோதிலும், செலவுக்கு ஈடாகப் பணம் தர வாடிக்கையாளர்கள் இல்லாமல் 2019இல் மூடப்பட்டது.

நோயை உண்மையில் தடுத்தவை எவை என்று பார்த்தால் காட்சியே வேறு. பிரிட்டனின் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பெரிய ஆபத்தில் இருக்கும் சிலரைவிடச் சிறிய ஆபத்தில் இருக்கும் பலரிடமிருந்தே பெரும்பாலான நோயாளிகள் வருகிறார்கள் என்று காட்டினார். ஆகவே ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதைவிட, முழுச் சமூகத்தின் சராசரியைச் சற்றே நகர்த்துவது அதிக உயிர்களைக் காக்கும். பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் அதைத்தான் செய்தார்கள். வெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெய், ரொட்டியிலும் இறைச்சிப் பண்டங்களிலும் உப்புக் குறைப்பு, புகைப்பழக்க எதிர்ப்பு என உணவு ஆலைகளையும் பால்பண்ணைகளையும் இல்லத்தரசிகளின் சங்கங்களையும் இணைத்துச் செயல்பட்டதில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் இறப்பு நாற்பதாண்டுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. எவர் மணிக்கட்டிலும் எதுவும் கட்டப்படவில்லை.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் செய்த இரண்டு ஆய்வுகள் இவ்விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானவை. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையையும் உணவையும் திருத்தும் ஆலோசனை பெற்றவர்களில் மூன்றாண்டில் நீரிழிவு கண்டவர்கள் 39.3 விழுக்காடு, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காடு. அடுத்த ஆய்வு 2013இல் வெளியானது. அதே நிலையில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு, அவரவர் நிலைக்கேற்ற நினைவூட்டல்களை எளிய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். இரண்டாண்டில் அவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. உணரி இல்லாத, எதையும் அளக்காத, சில பைசா செலவில் போய்ச்சேரும் செய்தி சாதித்த தடுப்பு இது. இதற்கு இணையான முடிவைக் குலுக்கல் முறை ஆய்வில் காட்டிய பிறகே எந்த வில்லையும் கடிகாரமும் தடுப்பு மருத்துவம் என்ற பெயரைக் கேட்க உரிமை பெறும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல். இவர்களைக் கண்டுபிடிக்க நானோ கம்பி வேண்டியதில்லை. கைப்பட்டை அழுத்தமானியும் விரல்நுனிச் சொட்டுக் குருதியில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் போதும். குறைவாக இருப்பது, கண்டுபிடித்த பிறகு மாதந்தோறும் மாத்திரை கிடைப்பதும், அதை விடாமல் உண்ணச் செய்யும் துணையும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர்ப் பெண் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கு வந்து, அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கையோடு கொடுத்துவிட்டுப் போகிறார். அளவீடும் செயலும் ஒரே ஆளிடம், ஒரே வருகையில் சேர்ந்திருப்பதே அந்த ஏற்பாட்டின் வலிமை. வேல்ஸ் நாட்டின் சுரங்க ஊரான கிளின்கொரக்கில் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தம் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் தாமே அளந்து, கால் நூற்றாண்டு விடாமல் பின்தொடர்ந்து செய்ததும் இதுதான். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவரே. அணிகருவிகள் இந்த நியதியை மேலும் கூர்மையாக்குகின்றன. விலை மட்டும் அதற்குக் காரணமன்று. ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி அளக்கும் கருவிகள் கறுத்த தோலில் பிழைபடுவது மருத்துவமனைகளிலேயே நிறுவப்பட்டிருக்கிறது: 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், விரல்நுனி ஆக்சிஜன் மானி சரியான அளவைக் காட்டிக்கொண்டிருந்தபோதே குருதியில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மும்மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

நானோ தொழில்நுட்பம் நோய்த்தடுப்புக்கு உதவவே இல்லை என்பது இதன் பொருளன்று. உதவிய இடங்கள் உண்டு, அவை கொண்டாடப்படாத இடங்கள். மலேரியாவைக் கண்டறியும் விரைவுச் சோதனைப் பட்டையில், சொட்டுக் குருதி தாள் இழைகளினூடே ஊறிச் செல்லும் வழியில், சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் எதிர்ப்புரதம் பூசிக் காத்திருக்கின்றன. கிருமியின் புரதம் இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு நகர்ந்து, பட்டையின் குறுக்கே நட்டுவைத்த இரண்டாவது எதிர்ப்புரத வரிசையில் சிக்கித் திரள்கின்றன. அந்த அளவில் தங்கம் சிவப்பாகத் தெரிவதால் கண்ணுக்கு ஒரு சிவந்த கோடு புலப்படுகிறது. மின்கலமோ கணினியோ வேண்டாம். காய்ச்சலுடன் வந்தவரிடம் மட்டும் ஒருமுறை கேட்கப்படும் ஒரு கேள்விக்கு இருபது நிமிடங்களில் பதில் வருகிறது, பதில் வந்தவுடன் தர வேண்டிய மருந்து சுகாதாரப் பணியாளரின் பையில் இருக்கிறது. ஒருவரின் நோய் குணமாவதோடு கொசு வழியே அடுத்தவருக்குப் பரவுவதும் நிற்கிறது. அதேபோல, இன்சுலின் இன்றி வாழ முடியாத முதல்வகை நீரிழிவுக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து சர்க்கரை அளக்கும் வில்லை பெரும் பேறு, ஏனெனில் அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் செய்ய வேண்டிய செயல் ஒன்று தயாராக இருக்கிறது. அதே வில்லையை நீரிழிவே இல்லாதவர்களுக்கு விற்பதும், சோறு உண்டபின் எழும் இயல்பான சர்க்கரை ஏற்றத்தைப் பார்த்து அவர்களை அஞ்ச வைப்பதும் வேறு தொழில்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் நோய் தேடும் பரிசோதனைகளுக்கென 1968இல் வகுத்த நெறிகள், நோயின் இயல்பான போக்கு தெரிந்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க சிகிச்சை இருக்க வேண்டும், அச்சிகிச்சைக்கான வசதி இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன. கருவிகள் மாறிவிட்டதால் இந்நெறிகள் காலாவதியாகிவிட்டன என்று சொல்வோர் உண்டு. குறிப்பிட்ட எந்தக் கருவியையும் சாராமல் நோயையும் செயலையும் பற்றியே பெரும்பாலும் கூறும் நெறிகள் கருவி மாறுவதால் எப்படிக் காலாவதியாகும் என்பதை அவர்கள் விளக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஒப்பீட்டு ஆய்வுக்குக் காத்திருந்தால் தொழில்நுட்பம் அதற்குள் தலைமுறை மாறிவிடும் என்பது அவர்களின் கடைசி வாதம். லூப் ஆய்வு தன் முதல் பங்கேற்பாளரைச் சேர்த்தது 2014 ஜனவரியில், கண்ணீரில் சர்க்கரை அளக்கும் வில்லை உலகுக்கு அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில். வில்லை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துக் கைவிடப்பட்டது. டென்மார்க்கின் மருத்துவர்கள் ஏழு ஆண்டுகளில் தம் கேள்விக்கு விடை பெற்றார்கள், அந்த விடை இன்று பல நாட்டு மருத்துவர்கள் யாருக்கு உறைவு தடுக்கும் மாத்திரையைத் தொடங்குவது, யாருக்குத் தொடங்காமல் இருப்பது என்று முடிவெடுக்கும்போது கணக்கில் கொள்ளப்படுகிறது.